கடற்காற்று செய்த குற்றம்

1

இன்று மதியம் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஜிகினாத் தோரணம் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் வருகிறதாம். மூன்றரை மணிக்கே சூரியன் கடையைச் சாத்திக்கொண்டு போய்விடுகிற இந்த பர்மிங்ஹாமில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், அலமாரி அலமாரியாக நிற்கிற இரும்பின் மேல் வெள்ளி மினுக்கு. கட்டியவள், கம்ப்யூட்டருக்குத் தர வேண்டிய விவரங்களை அட்டையில் துளைகளாகப் போடுகிற பிரிவில் இருக்கும் ஒரு பெண். நாற்காலி மேல் ஏறி நின்று பாடிக்கொண்டே கட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. இந்த ஊரில் எதற்காவது ஒரு நிறம் வந்தால் நான் குறை சொல்வதில்லை.

அரை மணி கழித்து, அச்சடிக்கும் இயந்திரம் முனகி, இருமி, நின்றுபோனது.

எங்கள் மேற்பார்வையாளர் ஆர்தர் தன் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்தார். நெட்டை மனிதர். கழுத்து நீளம். அந்தக் கழுத்தின் உச்சியில் எப்போதும் ஒரு கவலை உட்கார்ந்திருக்கும். தோரணத்தைக் கடந்தார். அதைக் கட்டிய பெண்ணைக் கடந்தார். இயந்திரத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்த இருவரைக் கடந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

“நீ எதையும் தொடவில்லையே?” என்றார்.

மிக இனிமையாகக் கேட்டார். இங்கே எல்லாவற்றையும் இனிமையாகத்தான் கேட்பார்கள். வீடு வாடகைக்கு இல்லை என்பதையே, நம் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள்.

எழுந்து போய் இயந்திரத்தின் பின்கதவைத் திறந்தேன். குளிர்விக்கும் காற்றாடி ஒரு முழம் ஜிகினாவை நூடுல்ஸ் மாதிரி சுற்றிச் சாப்பிட்டிருந்தது. உருவி எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆர்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்டுக் கடிதம் கிடையாது. என் தோளைத் தட்டி, “நாளை பார்ட்டிக்கு நீயே கட்டிவிடேன். எங்கே கட்டினால் ஆபத்தில்லை என்று உனக்குத்தான் தெரியுமே” என்றார்.

ஜிகினாவைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் ஜாபர் மச்சானின் நினைப்பு வந்தது. என் அக்காள் மெஹருன்னிசாவின் வீட்டுக்காரர். மாமல்லபுரத்துப் பக்கம் கடலோரத்தில் இருக்கிற ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இயக்குபவர். ஒரு பண்டிகை நாளில் மிஷினுக்கு அலங்காரம் செய்ததற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போக இருந்தார்கள்.

2

முதலில் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயிறு நிறையாமல் எனக்கு நியாயம் பேச வராது.

எங்கள் அலுவலக உணவறையில் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு சூப் வைப்பார்கள். பலகையில் அதன் பெயர் மல்லிகட்டானி. நம் மிளகுத்தண்ணிதான். கப்பலேறி வந்த வழியில் மிளகும் போய், புளியும் போய், மாவும் ஆப்பிளும் சேர்ந்து, பழுத்த மஞ்சளில் தளும்பிக்கொண்டு நிற்கிறது. “உன் ஊர்ச் சாப்பாடு!” என்று பரிமாறுகிறவள் கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றுவாள். நன்றி சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கைத் தேடிப் போவேன். அதையும் தேட வேண்டியதில்லை. அவித்தது, பொரித்தது, மசித்தது என்று மூன்று வேடத்தில் ஒரே தட்டில் வந்துவிடும்.

வீட்டில் நிலைமை வேறு. மனைவி எங்கிருந்தோ சீரகச் சம்பா வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்கள் மோப்பம் பிடிக்காதபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிரியாணி செய்வாள். மகள் சல்மா அதில் ஏலக்காய் பொறுக்கி, அணுகுண்டு எடுப்பவள்போல் தட்டின் ஓரத்தில் வைப்பாள். அவளிடம் மிச்சமிருக்கிற தமிழ், சோறு, தண்ணி, போதும் என்று மூன்று வார்த்தை. இந்த வாரம் பள்ளிக்கூட நாடகத்தில் அவள் தேவதூதர். தலைக்கு ஜிகினாக் கிரீடம் வேண்டுமாம். நோன்புப் பெருநாள் என்றைக்கு என்று கேட்டால், “அம்மாவுக்குத்தான் தெரியும்” என்று இங்கிலீஷில் சொல்கிறாள். அம்மாவிடம் கேட்டால், ஊரிலிருந்து கடிதம் வந்தால்தான் தெரியும் என்கிறாள்.

3

எமர்ஜென்சி வந்த வருஷம், நோன்புப் பெருநாளுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். செங்கல்பட்டில் பஸ் பின்புறமெல்லாம், சுவரெல்லாம், வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லும் வாசகங்கள். ஆனால் டீக்கடையில் பேச்சு மட்டும் குறையவில்லை. அரசியலை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி இத்தனை கோபமாகப் பேசுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

ஜாபர் மச்சானுக்கு மட்டும் கோபமே கிடையாது. கடைத்தெருவில் அவருக்கு ‘கம்ப்யூட்டர் பாய்’ என்று பேர். மெட்ராசில் சில மாதம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர், அதை விஞ்ஞானப் பட்டமாகவே சுமந்து திரிந்தார். கறிக்கடையில் நின்று, ஆட்டின் எடையை மிஷின் சொல்லிவிடும் என்பார். கறிக்கடைக்காரர் “தராசு இன்னாத்துக்கு அப்பறம்?” என்றால், “அது ஒனக்கு, மிஷினு எனக்கு” என்று வந்துவிடுவார்.

பெருநாள் அன்று என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“இன்னா மாப்ள, ஒங்க ஊர்ல கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள பூட்ஸ் காலோட போவாங்களாமே? மிஷினுக்கு ஒரு மரியாத வாணாம்?”

“தூசி போகாமத்தான் செருப்பக் கழட்டச் சொல்றாங்க மச்சான். மரியாதைக்கு இல்ல.”

“தூசி வேற மரியாத வேறயா? பள்ளிவாசல்ல கழட்டறியே, அது தூசிக்கா?”

அக்காள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “மிஷின் ரூமுக்குன்னா காலக் கழுவிக்கினு போவாரு. வூட்டுக்கு வந்தா சேத்துக் காலோட நேரா அடுப்பாங்கர வரைக்கும் வருவாரு. அந்த மிஷினையே கட்டிக்கினு இருந்திருக்கலாம், என்னைய எதுக்குக் கட்டினாரு?”

“அது பிரியாணி செய்யாதுடி” என்றார் மச்சான்.

ஒரு வாரம் கழித்து ஆயுத பூஜை. அதற்கடுத்த சில நாளில் அலுவலகத்துச் சம்பளப் பட்டியல் மிஷினில் ஓடியது. ஓடி முடித்தபோது, தீபாவளிக்குத் துணி எடுக்கக் காத்திருந்த அத்தனை பேருடைய சம்பளமும் கண்டபடி வந்திருந்தது. பட்டியலை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மச்சான் கையில் ஒரு மெமோ. இதை ஏன் நாசவேலையாகக் கருதக்கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

வேறொரு வருஷமாக இருந்தால் அந்தச் சொல் வெறும் சொல்தான். அந்த வருஷம் அப்படியில்லை. நாசவேலை என்று எழுதினால் ஜீப் வரும். ஜீப்பில் ஏறியவர் எங்கே என்று கேட்க ஆள் கிடையாது. அலுவலகத்தில் யாரோ, “அவரு வேற ஆளு சார், யாரு கண்டா” என்று சொன்னதாகவும் மச்சான் காதுக்கு வந்துவிட்டது. கடைத்தெருப் பக்கமே அவர் போகவில்லை.

“கூட்டினு போயிடுவாங்களாடா?” என்று அக்காள் என்னிடம் கேட்டாள். “நீ லண்டன்ல அதே மிஷினத்தான தட்டிக்கினு கீற? இன்னான்னு பாரேன்.”

பர்மிங்ஹாம் என்று திருத்துகிற நேரமில்லை அது. மச்சானை உட்காரவைத்தேன்.

“எப்பிடித் தப்பா வந்துது?”

“ஒம்போதக் காணோம் மாப்ள. எவன் சம்பளத்துல ஒம்போது கீதோ, அந்த எடம் காலி. பேர்லயும் எழுத்துக் காணோம்.”

“எந்த எழுத்து?”

“இங்கிலீஷ் ஆர். அப்பறம் ஐ. எங்க சூப்ரண்டு வரதராசன் பேர்ல ரெண்டு எடத்துல ஓட்ட. சம்பளம் போனாக்கூட அவுரு பொறுத்துக்குவாரு. பேர்ல ஓட்ட வுழுந்ததத்தான் தாங்க முடியல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் விஷயம் புரிந்துவிட்டது. அந்த மிஷினுக்கு விவரமெல்லாம் துளை போட்ட அட்டையில்தான் போகும். அட்டையின் ஒரு பக்கம் விளக்கு. மறுபக்கம், துளை வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்க்கிற சின்னச் சின்னக் கண்கள், வரிசையாக. ஒன்பதுக்கும் அந்த இரண்டு எழுத்துக்கும் பொதுவாக ஒரு துளை உண்டு, அட்டையின் அடிவரிசையில். அந்த அடிவரிசைக் கண்ணை எதுவோ மறைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

“கடைசியா அந்த மூடியத் தொறந்தது யாரு?”

மச்சான் தரையைப் பார்த்தார். அக்காள் மச்சானைப் பார்த்தாள்.

“பூஜையன்னிக்கி” என்றார்.

“யாரு?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“பொட்டு வெக்க” என்றாள் அக்காள். “கேளு. அஞ்சு வேள தொழுவுற மனுசன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சுட்டு வந்து கீறாரு.”

“வேலைக்கு ஒரு மரியாதடி அது! எனக்கா வெச்சிக்கினேன்? மிஷினுக்குத்தான?” பிறகு என் பக்கம் திரும்பினார். “சூப்ரண்டுக்குத் தொடறதுக்கு பயம், ஷாக் அடிக்குமாம். பாய், நீங்களே வெச்சுருங்கன்னாரு. வெளியில வெக்கப் போனேன். வாணாம், டெல்லிலேர்ந்து ஆபீசர் வருவான், ஃபாரின் மிஷின்ல இன்னா சந்தனம்னு கேப்பான், உள்ளார வைய்யின்னாரு. மூடியத் தொறந்து உள்ளார வெச்சேன். சாமிக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியாது.”

உலகத்தில் எத்தனையோ மிஷின் கெட்டுப்போகிறது. எலி கடித்துக் கெடும், இடி விழுந்து கெடும். பக்தியும் பயமும் ஒரே விரலில் சேர்ந்து கெட்ட மிஷினை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

4

மறுநாள் மச்சானோடு போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில், சவுக்குத் தோப்பும் மணலுமாக வடக்கே கொஞ்ச தூரம். ஒருபுறம் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டே வந்தது. வழியெல்லாம் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நான் பார்த்த ஒரே பயணம் அதுதான்.

சூப்ரண்டெண்ட் வரதராஜன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்துபோகிறவர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். வேட்டிக்குப் பிறந்த உடம்பைப் பேண்ட்டுக்குள் போட்டு, பெல்ட்டால் மிரட்டி வைத்திருந்தார். “வாங்க சார், லண்டன்லேர்ந்து எக்ஸ்பர்ட்டே வந்துட்டீங்க!” என்று, மேசை இழுப்பறையிலிருந்து பூஜைப் பொரியை எடுத்து நீட்டினார். நமத்திருந்தது.

“இப்ப நாடு ரொம்ப ஒழுங்காயிடுச்சு சார். ட்ரெயின் எல்லாம் கரெக்டா டயத்துக்கு வருது.”

“இந்த லீவுக்கு நான் வந்த ட்ரெயின் ஊரப்பாக்கத்துல ரொம்ப நேரம் நின்னுதே.”

“அது சிக்னல் சார்” என்றார். சிக்னலும் அரசாங்கம்தான் என்பது உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சிக்னலும் இப்ப பரவால்ல” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மூவரும் உள்ளே போனோம். குளிர் அடித்தது. மூடியைத் திறந்தேன். இருந்தது. கண்கள் வரிசையாக இருக்கும் தகட்டின் மேல், ரூபாய் அகலத்துக்கு, நடுவில் குங்குமத்தோடு, மங்களகரமாக ஒரு சந்தனப் பொட்டு. ஈரமாக வைத்தது கீழே ஒழுகி, அடிக்கண்ணின் மேல் காய்ந்து, இமையை மூடியதுபோல் நின்றிருந்தது.

சூப்ரண்டெண்ட் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாசல் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

“தொடச்சிடுங்க சார். தூசின்னு எழுதிக்கலாம்.”

“தூசின்னா யாரு பொறுப்பு?”

“ரூல்படி ஆபரேட்டர்தான். மெமோ வேற மெட்ராசுக்குக் காப்பி போயிடுச்சு. யாராவது ஒருத்தரு பொறுப்பு ஏத்துக்கணுமில்ல சார்?”

“அப்ப தொடைக்க மாட்டேன். மெட்ராஸ் ஆபீசர் வந்து கண்ணால பாக்கட்டும்.”

“ஐயோ! வெச்சது பாய் சார்.”

“வெக்கச் சொன்னது நீங்க.”

“அது எழுத்துல இல்லியே சார்!” என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை. எழுத்தில் இல்லாதது உலகத்தில் நடக்கவில்லை என்று நிஜமாகவே நம்புகிற முகம். நான் இங்கிலாந்தில் குடியேற்ற அலுவலகத்தில் இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் வெளுப்பாக.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மச்சான் தொண்டையைச் செருமினார்.

“சார், ஒண்ணு சொல்லட்டா? வெச்சது நான்னே எழுதுங்க. கையெழுத்தும் போடறேன்.”

“மச்சான்!” என்றேன்.

“இரு மாப்ள. எழுதுங்க சார். ஆயுத பூஜைக்கு ஜாபர் பாய் சந்தனம் கொழச்சி, குங்குமம் தொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சாருன்னு எழுதுங்க. மெட்ராஸ்ல படிப்பாங்க. எவனாவது நம்புவானா? எந்த பாய் சார் பூஜைக்குப் பொட்டு வெப்பான்? இந்த ஆபீசுல பூஜ போட்டது யாருன்னுதான் மொதல்ல கேப்பான்.”

சூப்ரண்டெண்டின் நெற்றியில், அந்தக் குளிரில், வியர்வை துளிர்த்தது. நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கிழக்குப் பக்கக் கதவைத் திறந்து, அடுத்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால் கடல் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

“உப்புக் காத்து...” என்றார் மெதுவாக.

“ஆமா சார்” என்றார் மச்சான், அதைவிட மெதுவாக. “பேஜாரு புடிச்ச காத்து சார் அது. வூடு வாசல் எல்லாத்தையும் துருப்புடிக்க வெக்கிது.”

மச்சான் கைக்குட்டையை நனைத்துப் பொட்டைத் துடைத்தார். இழுப்பறையில் கிடந்த அட்டைக் கட்டில் ஒன்றை எடுத்து ஓடவிட்டார். வரதராஜனின் பெயர் முழுசாக வந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

கடலோர உப்புக்காற்று உட்புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு என்று மெட்ராசுக்கு எழுதினார்கள். மெமோ திரும்பப் பெறப்பட்டது. கடலுக்கு மெமோ அனுப்ப விதி இல்லை. ஆனாலும் அரசாங்கம் சும்மா இருக்குமா? காற்றைத் தடுக்க மேலிடத்து உத்தரவு வந்து, கட்டடத்தின் கிழக்குப் பக்க ஜன்னல் அத்தனையையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னலே கிடையாது. அடைத்தது கணக்குப் பிரிவின் ஜன்னல்களை. குற்றமே செய்யாத கணக்கர்கள், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கும் ஃபைலால் விசிறிக்கொள்கிறார்கள்.

5

போன லீவில் இதன் மிச்சத்தை அக்காள் வீட்டில் கேட்டேன். எமர்ஜென்சி போய், தேர்தல் முடிந்து, டீக்கடையில் மழையைப் பற்றிய பேச்சு நின்று, மறுபடி அரசியல் தொடங்கியிருந்தது. மச்சானுக்கும் குரல் திரும்பியிருந்தது. கறிக்கடை வரை கேட்டது.

“அடுத்த பூஜைக்கு இன்னா ஆச்சுன்னு கேளு மாப்ள. அதே சூப்ரண்டு. அதே சந்தனக் கிண்ணம். நேரா எங்கிட்ட வராரு. பாய், நீங்களே வெச்சிருங்கன்றாரு!”

“வெச்சீங்களா?”

“வெக்காம? கண்டிப்பா சார், கொஞ்சம் குனிங்கன்னேன். எதுக்குன்னாரு. மிஷினுக்குச் சந்தனம் ஒத்துக்காது சார், அது எழுத்துல இல்ல, ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். அதுக்கு அடுத்தாப்பல இந்த ஆபீசுல பெரிய மிஷினு நீங்கதான், குனிங்கன்னேன்.”

“எல்லார் முன்னாலயுமா?”

“மொத்த செக்சனும் நிக்கிது. கணக்குப் பிரிவுக்காரன் அத்தினி பேரும் விசிறிக்கினே பாக்கறான். குனிஞ்சாரு. நடு நெத்தியில, ரூபா சைசுக்கு, அழுத்தி வெச்சேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா, நல்லாத்தான் ஓடிக்கினு கீறாரு. ஒரு எழுத்தும் வுழல.”

“இவுருக்குக் கொழுப்புடா” என்றாள் அக்காள். சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள்.

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சல்மா என் கோட்டைத் துழாவி ஜிகினாவைக் கண்டுபிடித்துவிட்டாள். கிரீடத்துக்கு வேண்டும் என்கிறாள். வேறு வாங்கித் தருகிறேன், இது ஆபீசுக்கு வேண்டும், ஒரு மிஷினுக்குப் போட வேண்டும் என்றேன்.

“எந்த மிஷினுக்கு?” என்று கேட்டாள், இங்கிலீஷில்.

அளந்து பார்த்தேன். ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கிறது. நாளை பார்ட்டி. ஆர்தர் குனிய வேண்டியிருக்கும். நீளமான கழுத்துதான், ஆனாலும் சுற்றி முடிச்சுப் போடப் போதும்.